மழலையின் இலக்கணம்: வடசென்னைக் குழந்தைகள் மொழி பெறும் விதம்

கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதம் முடியும் தறுவாயில் காது கேட்கத் தொடங்குகிறது. கருப்பை நீரைக் கடந்து வரும்போது சொற்கள் தெளிவிழந்துவிடுகின்றன. மெய்யொலிகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் எட்டுகின்றன. 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் கேட்கும் விதமாகவே சப்பின. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை ஏறுமுகமாகவும் ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை இறங்குமுகமாகவும் இருப்பதைக் கண்டது. அந்தந்த மொழியின் ஓசைப் போக்கு பிறந்த சில நாட்களிலேயே அழுகையில் படிந்திருந்தது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் தெலுங்கும் அடுத்த கட்டிலில் உருதுவும் கேட்டாலும், அங்கே பிறக்கும் குழந்தை தன் தாய் பேசும் மொழியின் ஓசையை ஏற்கெனவே கேட்டுப் பழகித்தான் வெளியே வருகிறது.

முதல் ஆண்டில் குழந்தை செய்யும் பெரிய வேலை, எந்த ஒலி வேறுபாடுகள் தன் மொழியில் பொருள் தருகின்றன என்று கண்டுகொள்வது. பீட்டர் ஐமஸும் அவர் குழுவினரும் 1971இல் ஒரு மாதக் குழந்தையும் வல்லின ‘ப’வையும் அதிரும் ‘ப’வையும் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். ராயபுரத்தில் வளரும் குழந்தைக்கு இந்த வேறுபாடு நாள்தோறும் தேவைப்படும். தரையில் விரிக்கும் பாயும் எதிர்வீட்டு பாயும் எழுத்தில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. காதுக்கு அவை இரண்டு. எழுத்து காட்டாத வேறுபாட்டைக் குழந்தை எழுத்துக்கு வெகு முன்பே பிடித்துக்கொள்கிறது.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் சோதனை ஒன்று இந்திய மொழியின் ஒலிகளைக் கொண்டே நடந்தது. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியில் உள்ள பல்லொலி ‘த’வையும் நாமடி ‘ட’வையும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அந்தத் திறன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அது அப்படியே நிலைத்தது. தமிழ்க் குழந்தைக்கும் இந்த வேறுபாடு உயிர்நாடி. ‘கத்தி’யும் ‘கட்டி’யும் அதை நம்பித்தான் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. ஓராண்டு நிறைவதற்குள் குழந்தையின் காது தன் ஊரின் காதாக மாறிவிடுகிறது என்பதே இதன் பொருள். மாறுவதால் மற்ற ஒலிகளுக்குக் கதவு அடைபட்டுவிடுவதில்லை. பின்னால் கேட்டும் பழகியும் கற்கலாம். கூடுதல் முயற்சி தேவைப்படும், அவ்வளவுதான்.

பேச்சில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ‘இன்னாபண்றே’ என்று ஒரே மூச்சில் வரும் ஓசையில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாரும் குழந்தைக்குக் காட்டித்தருவதில்லை. ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாதக் குழந்தைகள் பொருளற்ற அசைத்தொடர் ஒன்றை இரண்டு நிமிடம் கேட்டதுமே, எந்த அசைகள் எப்போதும் சேர்ந்து வருகின்றன, எவை தற்செயலாக அடுத்தடுத்து வருகின்றன என்று பிரித்துக்கொண்டன. ஒன்பது மாத அளவில், வாயில் ஒரு சொல்லும் வராத குழந்தைக்கும் சோறு, கை, பால் போன்ற சில சொற்களின் பொருள் ஓரளவு புரிந்திருக்கும்.

ஒலியை மட்டும் கேட்டால் போதுமா என்ற கேள்விக்கு பட்ரீஷியா கூல் 2003இல் தந்த பதில் இன்றைய வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு அமர்வுகள் விளையாடிப் பேசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள் அதே பேச்சைத் திரையில் பேசினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை எதையும் கற்கவில்லை. சோறூட்டும்போது கையில் செல்போனைக் கொடுத்துவிடும் வழக்கம் திருவொற்றியூரின் ஒற்றை அறை வீடுகளிலும் புகுந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சமைக்கவும் துவைக்கவும் வேண்டிய தாய்க்கு வேறு வழி இல்லாமல் போவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இழக்கப்படுவது நிலாவும் காக்காவும் காட்டி மாறி மாறி நடக்க வேண்டிய உரையாடல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும் ஒரு வயதுக் குழந்தைக்கும் அது ஏற்றதல்ல என்றும் கூறியிருக்கிறது.

குழந்தையோடு பேசும்போது பெரியவர்களின் பேச்சு தானாக மாறுகிறது. குரல் உயர்கிறது, வேகம் குறைகிறது, சொற்கள் இரட்டிக்கின்றன. மம்மு, ங்கா, உச்சா, ஜோஜோ போன்ற தமிழ் மழலைச் சொற்கள் குட்டையானவை; சிலவற்றில் குழந்தைக்கு எளிதில் வரும் இதழொலிகளும் மூக்கொலிகளுமே இருக்கின்றன. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து கைவழியே நண்டு ஏறும் விளையாட்டில் தாளமும் தொடுகையும் சொல்லும் ஒரே நேரத்தில் வருகின்றன. எனினும் இப்படிக் கொஞ்சிப் பேசுவது எல்லாச் சமூகங்களிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. மெக்சிகோவின் டெனெஹாப்பா பகுதியில் செல்டால் மாயா மொழி பேசும் குழந்தைகளை ஆராய்ந்து மரிசா கசியாஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அங்கே குழந்தையை நோக்கி நேராகப் பேசப்படும் பேச்சு மணிக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. ஆனாலும் அக்குழந்தைகள் உரிய வயதில் பேசினார்கள். 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்கிறார்கள் என்று எழுதியது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அந்தக் கணக்கு 42 குடும்பங்களை வைத்துப் போடப்பட்டது. அதில் தாய் பேசியதே பெரிதாக எண்ணப்பட்டது. 2018இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் வீட்டிலும் சுற்றிலும் இருந்த மற்றவர்களின் பேச்சையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த இடைவெளி அதே உருவில் தென்படவில்லை.

எண்ணூர் நெட்டுக்குப்பத்திலோ காசிமேட்டிலோ இந்த விவாதத்தை நேரில் காணலாம். வாசற்படி தெருவில் இருக்கும். பாட்டி ஒருத்தி மீன் அரிந்துகொண்டிருப்பார், பக்கத்தில் வலை பின்னுவோர் இருப்பார்கள், பத்து வயது அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோழியிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். குழந்தையை நோக்கி வரும் பேச்சைவிட அதன் தலைக்கு மேல் போகும் பேச்சு அதிகம். தாயின் வாயிலிருந்து வரும் சொற்களை மட்டும் எண்ணினால் இந்தக் குழந்தையின் செவிக்கு எட்டும் மொழியில் பெரும்பகுதி கணக்கில் விடுபட்டுப்போகும்.

ஓராண்டையொட்டி முதல் சொற்கள் வருகின்றன. ஒன்றரை வயதுக்குப் பிறகு இரண்டு சொற்கள் இணைகின்றன. வாய் காதைவிடப் பின்தங்கியே வரும்: வண்டி ‘வந்தி’ ஆகிறது, கப்பல் ‘தப்பல்’ ஆகிறது, லாரி ‘லாலி’ ஆகிறது. இவற்றில் ஒழுங்கு உண்டு. எடுத்துக்காட்டாக, நாவை மடக்க வராத குழந்தை மடக்கவேண்டிய ஒலிகளையெல்லாம் பல்லருகே கொண்டுவந்துவிடுகிறது. அப்படிச் சொல்லும் குழந்தையிடமே பெரியவர் ‘வந்தியா?’ என்று திருப்பிக் கேட்டால் அது கோபித்துக்கொண்டு மறுபடி ‘வந்தி!’ என்னும். சரியான ஒலி அதன் மனத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ் இலக்கணம் குழந்தையின் மனத்தில் எப்படி உருவாகிறது என்பதற்கான முக்கியமான சான்று எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்ற இந்தியாவின் ஆரம்பகாலக் கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன், மொழி மனிதரிடம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியில் பல ஆண்டுகள் செலவிட்டார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தை ஒன்பதாம் மாதம் முதல் இரண்டே முக்கால் வயது வரை வீட்டாருடன் பேசியதைப் பதிவுசெய்து எழுத்தாக்கினார்கள். அந்தத் தொகுப்பு பின்னர் சைல்ட்ஸ் எனும் உலகக் குழந்தைமொழித் தரவகத்தில் சேர்ந்தது. கணினி கட்டியவர் குழந்தையின் பேச்சுக்கு வந்தது தமிழின் நல்வாய்ப்பு.

எதிர்மறையை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலக் குழந்தை ‘நோ’ என்ற ஒரே சொல்லைக்கொண்டு இல்லாமை, மறுப்பு, விருப்பமின்மை எல்லாவற்றையும் சமாளித்துத் தொடங்குகிறது. தமிழ்க் குழந்தைக்குத் தனித்தனிச் சொற்கள் கிடைக்கின்றன: பால் தீர்ந்தால் ‘இல்ல’, ஊட்ட வந்தால் ‘வோணாம்’, கூப்பிட்டால் ‘மாட்டேன்’. எந்த எண்ணம் எப்போது முளைக்கிறது என்று சொல்லைக்கொண்டே காண முடிவதால் தமிழ் இதற்கு ஏற்ற களம். வைத்தியநாதன் 1991இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். வேற்றுமையும் அப்படித்தான். ‘நான்’ என்பது உருபு ஏற்கும்போது ‘என்’ ஆகிறது, ‘மரம்’ ‘மரத்து’ ஆகிறது. ‘எனக்கு’ என்பதற்கு ‘நானுக்கு’ என்று ஒரு குழந்தை சொன்னால் அது கேட்டதை ஒப்பிக்கவில்லை. ‘க்கு’ என்ற உருபைத் தனியே கழற்றி எடுத்து, தானே ஒரு சொல்லில் மாட்டிப் பார்க்கிறது. 1958இல் ஜீன் பெர்க்கோ, இல்லாத ஒரு பிராணிக்கு ‘வக்’ என்று பெயரிட்டு அதன் பன்மையை ஆங்கிலக் குழந்தைகளிடம் கேட்டபோது வெளிப்பட்டதும் இதே திறமைதான். கேட்டிராத சொல்லுக்கும் விதி பொருந்துகிறது என்று குழந்தைகள் அறிந்திருந்தார்கள்.

2011இல் புவனா நரசிம்மனும் மரியான் குல்பெர்கும் செய்த ஒப்பீடு இன்னும் நுட்பமானது. ஒரு புட்டியை மேசைமேல் நிமிர்த்தி வைப்பதையும் கிடையாக வைப்பதையும் தமிழர் ‘நிக்க வை’, ‘படுக்க வை’ என்று சொல்லலாம். டச்சு மொழியில் இரண்டுக்கும் தனித்தனி ஒற்றைச் சொல் உண்டு. டச்சுக் குழந்தைகள் அவற்றை நாள்தோறும் கேட்கிறார்கள். தமிழ்க் குழந்தைகள் ‘நிக்க வை’யைக் கேட்பது அரிது. ஆனால் நான்கு வயதுத் தமிழ்க் குழந்தைகள் சரியாகப் பயன்படுத்தினார்கள். டச்சுக் குழந்தைகள் ஐந்து வயதிலும் தடுமாறினார்கள். நிற்பது, வைப்பது என்ற இரு பகுதிகளும் தமிழ்ச் சொல்லில் வெளிப்படையாகத் தெரிவதே காரணம். எத்தனை முறை கேட்டது என்பதைவிட, கேட்டதன் அமைப்பு எவ்வளவு தெளிவு என்பது இங்கே வலுவாக நின்றது. 1957இல் பி. எஃப். ஸ்கின்னர் மொழியைப் பழக்கத்தால் படியும் நடத்தை என்றார். 1959இல் நோம் சோம்ஸ்கி அதை மறுத்தார். குழந்தை பிறவியிலேயே இலக்கணத்துக்கான ஆயத்தத்தோடு வருகிறது என்பது அவர் வாதம். மைக்கேல் டொமசெல்லோ போன்றோர், பிறர் எண்ணத்தை ஊகிக்கும் திறனும் பயன்பாட்டில் ஒழுங்கு காணும் திறனும் போதும் என்கிறார்கள். வழக்கு முடியவில்லை. ஆனால் குழந்தை கேட்டதை அப்படியே ஒப்பிக்காமல் விதிகளின்படி பேசுகிறது என்பதில் இரு தரப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன.

வடசென்னைப் பேச்சுக்கு இந்த முடிவு நேராகப் பொருந்துகிறது. காசிமேட்டுக் குழந்தை ‘வாயப்பயம்’ என்கிறது. ஏட்டுத் தமிழை அளவுகோலாக வைத்திருப்போர் இதை நாக்கு திரும்பாமை என்று கருதுகிறார்கள். அந்தக் குழந்தையின் பாட்டியும் அப்படித்தான் சொல்கிறார் என்பதைக் கவனித்தால் போதும். ‘ழ’ வரும் இடத்தில் ‘ய’ என்பது இப்பகுதியின் ஒலிவிதி: வழி ‘வயி’, கோழி ‘கோயி’, எழுது ‘எய்து’, கிழவி ‘கெய்வி’. குழந்தை விதியைப் பிசகாமல் கற்றிருக்கிறது. இரு என்ற வினையின் நிகழ்காலமும் முழு வாய்பாடாகவே இங்கு உண்டு: கீறேன், கீறே, கீறான், கீறா, கீது, கீறாங்க. ‘கொண்டு’ என்பது ‘கினு’ ஆகி, ‘வந்துகினு கீறான்’ என்று தொடர்நிகழ்வைக் காட்டுகிறது. ‘அடித்து’ நடு உயிரை இழந்து ‘அட்ச்சி’ ஆனால், ‘குடித்து’ ‘குட்ச்சி’ ஆகிறது, ‘படித்து’ ‘பட்ச்சி’ ஆகிறது. பல வீடுகளில் ‘அம்மா வந்துச்சி’ என்பது பாசமும் மரியாதையும் கலந்த வழக்கு. ஏட்டிலக்கணப்படி அது திணை வழு. இரண்டரை வயதுக் குழந்தை அக்காவுக்கு ‘வந்தா’வும் அம்மாவுக்கு ‘வந்துச்சி’யும் போட்டால், இரண்டு உறவுகளின் நிலையும் அதன் வினைமுற்றில் இருக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது அறிவியலுக்குப் பொருந்தாத தீர்ப்பு.

வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர்களிடம் இதையே காட்டினார். மேசைக்கு எதிரே பெரியவர் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டபோது ஒற்றைச் சொல்லில் பதிலளித்த சிறுவன், நண்பனோடு தரையில் உட்கார்ந்து நொறுக்குத்தீனி தின்றபடி பேசவைத்தபோது ஓயாமல் வாதாடினான். மொழி குறைவாக இருந்ததாகத் தோன்றியது சோதனை நடந்த விதத்தால். சொல்வளச் சோதனைக்கும் இது பொருந்தும். படத்தில் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டிப் பெயர் கேட்டால் விழிக்கும் மீனவக் குழந்தைக்குச் சங்கராவும் வவ்வாலும் காரப்பொடியும் வேறு வேறு என்று தெரியும்.

இப்பகுதிக் குழந்தைகள் எல்லோரும் ஒரே மொழியில் வளர்பவர்கள் அல்லர். துறைமுக வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் மீன்பிடிப்புக்கும் வந்து தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பங்கள், உருது பேசும் குடும்பங்கள், பர்மாவிலிருந்து திரும்பியோர், மணலி–எண்ணூர் ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் என்று ஒரு தெருவுக்குள்ளேயே பல மொழிகள் புழங்குகின்றன. இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும், தாமதமாகப் பேசும் என்ற அச்சம் பரவலாக உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இருமொழிக் குழந்தையின் முதல் சொல்லும் முதல் இணைப்பும் வழக்கமான வயதிலேயே வருகின்றன. ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டினால் குறைவு இல்லை. மாண்ட்ரியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளரும் இரண்டு வயதுக் குழந்தைகள் தாயிடம் தாயின் மொழியையும் தந்தையிடம் தந்தையின் மொழியையும் கூடுதலாகப் பயன்படுத்துவதை ஃப்ரெட் ஜெனசி குழுவினர் 1995இல் பதிவுசெய்தனர். கொருக்குப்பேட்டையில் அம்மாவிடம் ‘நீளு’ கேட்கும் குழந்தை வாசலுக்கு வந்ததும் ‘தண்ணி’ கேட்பதும் அதே ஆள் அறிதல். ஒடிசாவில் குய் மொழியும் ஒடியாவும் பேசும் கோந்து பழங்குடிக் குழந்தைகளை ஆராய்ந்த அஜித் மொகந்தி, மொழியைப் பற்றியே சிந்திக்கும் திறனில் இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிட முன்னே இருப்பதைக் கண்டார்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது காது. பிறவியிலேயே கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் அழும், சிரிக்கும், குரலெழுப்பும். வீட்டார் சந்தேகிக்க வழியில்லை. கேட்கும் குழந்தை ‘பபபப’ என்று தெளிவாக அசை கோக்கும் ஏழு, எட்டு மாதங்களில்தான் வேறுபாடு தெரியத் தொடங்கும். கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி பின்னால் கண்டறியப்பட்டோரைவிடத் தெளிவாக முன்னே இருப்பதைக் காட்டியது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் சோதனை இதற்குப் போதும். தமிழ்நாட்டில் சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் இருப்பதால் இந்தச் சோதனையின் தேவை இன்னும் கூடுதல். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனையில் பிறவிச் செவிடும் இடம்பெறுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்பு செய்யப்படுகிறது. சளிபிடித்துக் காதில் சீழ் வடிவதை ‘தானா சரியாகிடும்’ என்று விடுவதும் ஆபத்தே. வடியும் மாதங்களில் குழந்தை கேட்பது அரைகுறைப் பேச்சு.

இரண்டாவது இரைச்சல். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை வீடுகளின் சுவரை ஒட்டியே நிற்கிறது. இன்ஜின் உறுமலும் ஏர் ஹார்னும் இரவிலும் ஓய்வதில்லை. நியூயார்க்கில் நெடுஞ்சாலைக்கு நேர்மேலே கட்டிய அடுக்குமாடி ஒன்றில் ஷெல்டன் கோஹனும் குழுவினரும் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு, சத்தம் மிகுந்த கீழ்த்தளங்களில் பல ஆண்டுகள் வசித்த குழந்தைகள் ஒத்த ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பதிலும் பின்தங்கியதைக் கண்டது. பின்னணியில் பேச்சுச் சத்தம் உரக்க இருந்தால் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதுச்சொல் படிவதில்லை என்று பிரியன்னா மெக்மில்லனும் ஜெனி சாஃப்ரனும் 2016இல் காட்டினார்கள். அந்தச் சொல்லை முதலில் அமைதியில் கேட்டிருந்தால் சத்தத்திலும் பொருளோடு இணைத்துக்கொண்டன. இங்கே தேவைப்படுவது தாய்க்கு அறிவுரை இல்லை; லாரிகள் குடியிருப்பை ஒட்டி நிற்காதபடி தனி நிறுத்துமிடமும், அங்கன்வாடிகளுக்குச் சாலையிலிருந்து தள்ளிய கட்டடமும்.

ஐந்து வயதில் குழந்தை பள்ளிக்குள் நுழையும்போது அதன் கையில் முழுமையான ஒரு பேச்சிலக்கணம் இருக்கிறது. பாடநூலில் இருப்பது வேறொரு தமிழ். இந்த இடைவெளி எல்லாத் தமிழ்க் குழந்தைகளுக்கும் உண்டு. ‘வாயப்பயம்’ சொல்லும் குழந்தைக்கு அகலம் அதிகம். அரபு மொழிக் குழந்தைகளிடம் எலினோர் சையெக்-ஹத்தாத் 2003இல் செய்த ஆய்வில், வீட்டுப் பேச்சில் இல்லாத, ஏட்டு மொழியில் மட்டும் உள்ள ஒலிகளைத் தனித்துப் பிரிப்பது குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது. ‘ழ’ அத்தகைய ஒலி. பலகையில் ‘வழி’ என்று எழுதிவிட்டு, நீ சொல்லும் ‘வயி’தான் இது, புத்தகத்தில் இப்படி எழுதுவோம் என்று ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்தால் குழந்தைக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ‘தப்பு’ என்று மட்டும் சொன்னால் பாட்டியின் பேச்சே தப்பாகிறது. வாய் திறக்கத் தயங்கும் குழந்தைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டத்தால், வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் குழந்தையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் படிக்கிறது. அதற்குத் தெருவில் பழகிய தமிழ் பெரும்பாலும் வடசென்னைத் தமிழே. ஏட்டுத் தமிழுக்கு அது கடக்க வேண்டிய படி இரண்டு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை வயதின்படி அல்லாமல் கற்றல் நிலையின்படி பிரித்து, பாட்டு, கதை, பேச்சு வழியாக எழுத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த வகுப்பறையில் ‘இன்னா டீச்சர் இது?’ என்று கேட்கும் குழந்தை இலக்கண வழுவில்லாத ஒரு வினாத்தொடரைத்தான் சொல்லியிருக்கிறது. ஆசிரியர் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.